சிஏஜி அறிக்கையில் ஒரு பாரா எப்படி உருவாகிறது?

கேள்வி இது: “அரசுக்கு இத்தனை கோடி இழப்பு, சிஏஜி அறிக்கையில் தகவல் என்று அடிக்கடி செய்தி வருகிறது. இதை யார், எங்கே போய், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு அதனால் என்ன பயன்? கடைசியில் ஏன் யாரும் மாட்டுவதில்லை?”

நான் முப்பது வருடம் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் பெட்டியும் கையுமாக ஊர் ஊராகப் போனதில் கழிந்தது. ஆகவே முதல் கேள்விக்கு நீளமாகவும், கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் வருத்தத்தோடும் பதில் சொல்கிறேன். அறிக்கையில் ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லும் பத்தியைத்தான் நாங்கள் ‘பாரா’ என்போம்.

சென்னையில் மெட்ரோ ரயிலில் போகிறவர்கள் ‘ஏஜி-டிஎம்எஸ்’ என்று ஒரு நிலையத்தின் பெயரைக் கேட்டிருப்பார்கள். டிஎம்எஸ் மருத்துவத் துறை அலுவலகம். ஏஜி என்றால் அக்கவுன்டன்ட் ஜெனரல், தமிழில் மாநிலக் கணக்காயர். அரசு ஊழியர்களுக்கு அது ஜிபிஎஃப் சீட்டும் பென்ஷன் உத்தரவும் வருகிற இடம். அதே அண்ணா சாலை வளாகத்தில்தான் தணிக்கைப் பிரிவும் இருக்கிறது. சிஏஜி என்பவர் டெல்லியில் இருக்கும் ஒருவர். தமிழில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்று பத்திரிகைகள் எழுதும். மாநிலங்களில் அவருக்குக் கண்ணும் காதுமாக இருப்பவை இந்த ஏஜி ஆபீஸ்கள். ஒரு மாவட்ட அலுவலகத்தில் “ஏஜி ஆடிட் வருது” என்று சொன்னால் போதும், நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்த பீரோவுக்கு அன்று சாவி கிடைத்துவிடும்.

அரசியலமைப்பில் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் இந்தப் பதவிக்கானவை. ஜனாதிபதி நியமிக்கிறார். ஆறு வருடம் அல்லது 65 வயது, எது முந்துகிறதோ அதுவரை பதவி. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் இவரை நீக்க முடியும். பதவி முடிந்த பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவிக்கு வர முடியாது. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி அநேகமாக இவர்தான் என்றார். நாடாளுமன்றம் எந்தச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கியதோ அது மீறப்படாமல் பார்ப்பவர் என்ற பொருளில் சொன்னது அது.

இந்தப் பதவியின் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. ‘கம்ப்ட்ரோலர் அண்டு ஆடிட்டர் ஜெனரல்’ என்ற பெயர் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே அந்த அதிகாரி அனுமதித்தால்தான் கஜானாவிலிருந்து பணம் வெளியே வரும், ஆகவே ‘கம்ப்ட்ரோலர்’ பொருத்தமான பெயர். நம் ஊரில் பெயர் மட்டும் வந்தது, சாவி வரவில்லை. பணம் செலவாகி முடிந்த பிறகுதான் நாங்கள் போவோம். “நடக்கும்போதே ஏன் தடுக்கவில்லை?” என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: தடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை.

சரி, எந்தத் துறையை, எந்தத் திட்டத்தைப் பார்ப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1921-இல் தொடங்கிய அரசுத் தணிக்கை அலுவலகம் பெரும்பாலும் அந்நாட்டு காங்கிரஸ் குழுக்கள் கேட்டுக்கொள்வதையும், சட்டம் கட்டளையிடுவதையும் ஒட்டியே வேலை செய்கிறது. இங்கே அப்படி இல்லை. எம்.பி.க்கள் யோசனை சொல்லலாம், எங்கள் அறிக்கைகளை விசாரிக்கும் உறுப்பினர்களின் பொதுக் கணக்குக் குழு ஒரு விஷயத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது சிஏஜியின் உரிமை. வருடத் திட்டம் போடும்போது எங்கே பணம் அதிகம் புழங்குகிறது, எங்கே பழைய தணிக்கைத் தடைகள் தீராமல் கிடக்கின்றன, சட்டமன்றத்தில் எதைப் பற்றி அடிக்கடி கேள்வி வருகிறது, பத்திரிகையில் என்ன அடிபடுகிறது என்று எல்லாவற்றையும் வைத்துத்தான் பட்டியல் போடுவோம். மொட்டைக் கடிதங்களும் வரும். நேராக அவற்றை வைத்து ஆடிட் எழுத மாட்டோம், ஆனால் எந்த ஃபைலைக் கேட்க வேண்டும் என்று சில நேரம் அவை காட்டிக் கொடுக்கும்.

தணிக்கையில் மூன்று வகை உண்டு. கணக்கு சரியாக இருக்கிறதா என்பது ஒன்று, விதிப்படி செலவு நடந்ததா என்பது இன்னொன்று, எதற்காகச் செலவு செய்தார்களோ அது கிடைத்ததா என்பது மூன்றாவது. செய்தியில் வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை, செயலாக்கத் தணிக்கை. அதைத் தொடங்கும்போது துறைச் செயலாளரோடு ஒரு கூட்டம் நடக்கும். எதைப் பார்க்கப் போகிறோம், எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கப் போகிறோம், எந்தெந்த மாவட்டங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். ரெய்டு மாதிரி திடுமென்று போவது கிடையாது.

களத்துக்குப் போகும் குழு சிறியது. ஒரு சீனியர் ஆடிட் ஆபீசர், இரண்டு உதவித் தணிக்கை அதிகாரிகள், சில நேரம் கூட ஒரு ஆடிட்டர், அவ்வளவுதான். வட்டார அலுவலகத்தில் ஒரு மேஜை கொடுப்பார்கள், ஃபேன் அதற்கு நேர் மேலே இருந்தால் அதிர்ஷ்டம். முதலில் கேட்பது கேஷ் புக். ஒவ்வொரு நாளும் கையெழுத்து இருக்கிறதா, பேங்க் பாஸ்புக்கோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்தாலே அந்த ஆபீஸின் ஜாதகம் பாதி தெரிந்துவிடும். அப்புறம் ஒப்பளிப்பு ஆணை, வவுச்சர், கட்டட வேலை என்றால் எம்-புக் (முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்), பொருள் வாங்கியது என்றால் இருப்புப் பதிவேடு, ஜீப் இருந்தால் லாக் புக். எம்-புக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதில் சாலை போட்டதாக எழுதிய தேதியையும் தார் வாங்கிய இன்வாய்ஸ் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், தார் வருவதற்கு முன்பே சாலை முடிந்துவிட்டது தெரியும்.

சந்தேகம் வந்தால் உடனே வாய்ச்சண்டை போட மாட்டோம். ‘ஹாஃப் மார்ஜின்’ என்று ஒன்று எழுதுவோம். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து, ஒரு பாதியில் எங்கள் கேள்வி. மறு பாதி காலியாக இருக்கும், அதில் அந்த அலுவலகம் பதில் எழுதித் தர வேண்டும். எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குவதுதான் தணிக்கையின் அடிப்படை. இப்போது துறைக்குள் கணினி முறை வந்து இதெல்லாம் திரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. என் காலத்தில் அந்தக் காலிப் பாதியைப் பார்த்தாலே ஹெட் கிளார்க் முகம் எப்படி மாறும் என்று இன்னும் நினைவிருக்கிறது.

1971-ஆம் வருடச் சட்டம் எங்களுக்குத் தந்திருக்கும் அதிகாரம் இதுதான்: எந்தக் கணக்கையும், புத்தகத்தையும், காகிதத்தையும் கேட்கலாம், கேள்வி கேட்கலாம். கேட்டதைக் கூடியவரை முழுமையாகவும் தாமதமின்றியும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தராவிட்டால் என்ன தண்டனை என்று அதில் இல்லை. கைது, சோதனை, சத்தியம் வாங்கி வாக்குமூலம் எதுவும் கிடையாது. “ஃபைல் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருக்கு சார்” என்று ஒரு வாரம் ஓட்டினால், “ஆவணம் தணிக்கைக்கு அளிக்கப்படவில்லை” என்று எழுதுவோம். அனுபவமுள்ள வாசகருக்கு அந்த ஒரு வரியே நிறையச் சொல்லும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், ஊரும் பெயரும் வேண்டாம். ஒரு அரசு மருத்துவமனையில் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பரிசோதனைக் கருவி மார்ச் 29-ஆம் தேதி வரவு வைக்கப்பட்டிருந்தது. நிதியாண்டு முடிய இரண்டு நாள் இருக்கும்போது வாங்கிய பொருள் என்றால் தணிக்கைக்காரன் மூக்கு வேர்க்கும். பணம் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று அவசரத்தில் வாங்கியிருப்பார்கள். கருவி எங்கே என்று கேட்டேன். மருந்தாளுநர் புறநோயாளிகள் பிரிவுக்குக் கூட்டிப் போனார். பெரிய அட்டைப் பெட்டி ஒன்று சுவரோரம் இருந்தது. அதன் மேல் சீட்டுப் பதிவு நோட்டு, ஒரு டீ டம்ளர், பிளாஸ்டிக் பூ. பெட்டி பிரிக்கப்படவே இல்லை. வாரண்டி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

இதை அப்படியே எழுதிவிட முடியாது. முதலில் கூட்டு ஆய்வு. மருத்துவமனைத் தரப்பில் ஒருவர் கூடவே நின்று, பெட்டியின் எண்ணைக் குறித்து, போட்டோ எடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஹாஃப் மார்ஜின். பதில் வந்தது: இந்தக் கருவியை இயக்க டெக்னீஷியன் பணியிடம் இந்த மருத்துவமனைக்கு இல்லை, கேட்டு எழுதியிருக்கிறோம். எழுதிய கடித நகலையும் வைத்திருந்தார்கள். அப்போதுதான் விஷயம் வேறாக மாறியது. தப்பு இந்த மருத்துவமனையில் இல்லை. ஆளே இல்லாத இடத்துக்குக் கருவி வாங்கிக் கொடுத்த மேலிடத்தில் இருந்தது. அடுத்தடுத்து மற்ற மருத்துவமனைகளிலும் அதே கொள்முதலைத் தேடினோம், அதே கதை கிடைத்தது. அந்த மருந்தாளுநரைப் பற்றி ஒரு வரி கூட அறிக்கையில் வரவில்லை. வந்தது ஒரு கொள்முதல் முடிவைப் பற்றிய பாரா. நல்ல தணிக்கை கீழே தொடங்கி மேலே போகும். கிடைத்தவரோடு நின்றுவிட்டால் அது கிளார்க்கைப் பிடித்த கதையாகத்தான் முடியும்.

பிறகு ஆய்வறிக்கை அந்த அலுவலகத்துக்கே போகும், பதில் சொல்ல நான்கு வாரம். பெரிய விஷயங்கள் மட்டும் ஏஜி ஆபீஸில் பிரித்தெடுக்கப்பட்டு ‘டிராஃப்ட் பாரா’ ஆகும். அது துறைச் செயலாளருக்கே நேராக அனுப்பப்படும், அவருக்கு ஆறு வாரம். செயலாக்கத் தணிக்கை என்றால் முடிவிலும் ஒரு கூட்டம் நடக்கும். அதன் பிறகு டெல்லித் தலைமையகம் ஒவ்வொரு வரிக்கும் “ஆதாரம் எங்கே?” என்று கேட்கும். அந்த ஆதாரத்தை ‘கீ டாக்குமென்ட்’ என்போம். பாராவில் ஒரு தேதி இருந்தால், அந்தத் தேதி இருக்கும் காகிதத்தின் நகல் கூடவே போக வேண்டும். அதுவும் துறையின் சொந்த ஃபைலில் இருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். இல்லாத வரியை இரக்கமே இல்லாமல் அடித்துவிடுவார்கள். என் கையால் எழுதிய அருமையான வரிகள் பல அப்படிச் செத்திருக்கின்றன. கடைசியில் கையெழுத்தாகும் பிரதிக்கு ‘பாண்ட் காப்பி’ என்று பெயர். மாநில அறிக்கையானாலும் சிஏஜியின் மேலொப்பம் அதில் வேண்டும்.

வரைவுக்கும் இறுதிக்கும் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு, ஏலம் விடாமல் நிலக்கரிச் சுரங்கங்களை ஒதுக்கிய விஷயம் உதாரணம். 2012 மார்ச்சில் வரைவு ஒன்று வெளியே கசிந்தது. அதில் ஒதுக்கீடு பெற்றவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் 10.67 லட்சம் கோடி ரூபாய் என்றிருந்தது. அது மிகவும் ஆரம்பக்கட்டத்தில் இருப்பது, இறுதிக்கு முந்தைய வரைவு கூட ஆகாது என்று சிஏஜி தரப்பே பிரதமருக்கு எழுதியது. அந்த வருடம் ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் தொகை 1.86 லட்சம் கோடி. பொதுத்துறை நிறுவனங்களை விலக்கி, தனியார் பெற்ற திறந்தவெளிச் சுரங்கங்களை மட்டும் கணக்கில் எடுத்ததுதான் பெரிய மாற்றம். “வரைவு அறிக்கையில் தகவல்” என்று செய்தி வந்தால், எதிர்த்தரப்பின் பதில் இன்னும் வராத கட்டம் அது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் எப்படிப் பேசும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், செல்போன் சேவைக்கான அலைக்கற்றை உரிமங்களைப் பற்றிய 2ஜி அறிக்கை. 2010 நவம்பர் 16-ஆம் தேதி அது நாடாளுமன்றத்துக்கு வந்தது. எல்லோருக்கும் அதில் ஞாபகம் இருப்பது 1,76,645 கோடி என்ற இழப்புத் தொகை. எனக்கு ஞாபகம் இருப்பது டிமாண்ட் டிராஃப்ட். விண்ணப்பங்களுக்கான கடைசித் தேதியை முன்னுக்கு இழுத்து, 2008 ஜனவரி 10-ஆம் தேதி பிற்பகல் 2.45-க்கு ஒரு செய்திக்குறிப்பு போட்டு, 3.30-க்கு வந்து கடிதம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கோடிக்கணக்கில் டிடி, பேங்க் கியாரண்டி எல்லாம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். தணிக்கைக் குழு டிடிக்களை எடுத்துத் தேதியைப் பார்த்தது. 13 விண்ணப்பதாரர்களின் டிடி, அந்த அறிவிப்பு வருவதற்கு முந்தைய தேதியில் எடுக்கப்பட்டிருந்தது. தகவல் யாருக்கு முன்பே தெரியும் என்று அறிக்கை யாரையும் குற்றம் சாட்டத் தேவையில்லை. டிடியில் பேங்க் அடித்த தேதியை மட்டும் எழுதினால் போதும். 122 உரிமங்களில் 85 தகுதியில்லாதவர்களுக்குப் போனது என்ற முடிவும் நிறுவனங்கள் தாங்களே கொடுத்த ஆவணங்களை வைத்து எட்டியதுதான்.

அந்தப் பெரிய தொகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் துறைக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. 2008-இல் நாடு முழுவதற்குமான ஒரு உரிமம் 2001-ஆம் வருட விலையான 1,658 கோடிக்குக் கொடுக்கப்பட்டது. ஏலம் விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை அறிக்கை பல வழிகளில் கணக்கிட்டது. ஒரு வழியில் 57,666 கோடி, 3ஜி ஏல விலையை வைத்தால் 1,76,645 கோடி. அது உத்தேச இழப்பு என்றே அறிக்கை சொன்னது. தலைப்புச் செய்தியில் ‘உத்தேச’ போய்விட்டது, குறைந்த தொகைகளும் போய்விட்டன. என் கருத்து: டிடி தேதியைப் போன்ற அசைக்க முடியாத விஷயம் கையில் இருக்கும்போது, வாதத்துக்கு இடம் தரும் ஒரு எண் அதை மறைத்துவிட்டது. அடுத்த பத்து வருடம் எல்லோரும் எண்ணைப் பற்றியே சண்டை போட்டார்கள்.

முடிவும் இரண்டு விதமாக வந்தது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. “அப்போ சிஏஜி சொன்னது பொய்யா?” என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். முறை தவறியதா என்பது ஒரு கேள்வி. இன்னார் லஞ்சம் வாங்கினார் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம் ஆனதா என்பது வேறு கேள்வி. தணிக்கை முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது போலீஸும் கோர்ட்டும் பார்க்க வேண்டியது. யாரும் மாட்டுவதில்லை என்ற உங்கள் ஆதங்கத்துக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

இப்போதெல்லாம் வவுச்சர் கட்டை மட்டும் புரட்டுவதில்லை, மொத்தத் தரவையும் வாங்கிக் கணினியில் ஓட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்ட அறிக்கையில், 9999999999 என்ற ஒரே மொபைல் எண்ணோடு 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தது தெரிய வந்தது. கையால் மாதிரி எடுத்துப் பார்த்திருந்தால் இது கண்ணில் படவே படாது. மொபைல் எண் பயனாளியைச் சரிபார்க்கப் பயன்படுவதில்லை, ஆகவே அதனால் தகுதியில்லாதவர் சிகிச்சை பெற்றதாக ஆகாது என்று அரசு பதில் சொன்னது. அந்தப் பதிலிலும் நியாயம் உண்டு. ஆனால் சிகிச்சை முடிந்தவரைக் கூப்பிட்டு “பணம் கேட்டார்களா?” என்று விசாரிக்க எந்த எண்ணுக்கு அழைப்பது என்பது என் கேள்வி. லாரியில் ஏற்றிவந்ததாக பில் கொடுத்தால் அந்த லாரி எண்ணைப் போக்குவரத்துத் துறைப் பதிவில் தட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. பீகார் மாட்டுத் தீவன ஊழலில் வண்டி எண்கள் பல ஸ்கூட்டர் எண்களாக இருந்தது ஊரறிந்த விஷயம்.

அறிக்கை முடிந்ததும் எங்கே போகிறது? 151-ஆம் பிரிவின்படி மத்திய அறிக்கை ஜனாதிபதிக்கு, மாநில அறிக்கை ஆளுநருக்கு. அவர்கள் அதைச் சபை முன் வைக்கச் செய்ய வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவில் இல்லை. இந்த ஓட்டையை எல்லாக் கட்சி அரசுகளும் அனுபவித்திருக்கின்றன. கூட்டத்தொடரின் கடைசி நாளில் கட்டாக வைத்துவிட்டால் விவாதிக்க நேரம் இருக்காது. டெல்லியில் 14 அறிக்கைகள் வைக்கப்படாமலே கிடந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், ஆட்சி மாறிய பிறகு 2025 பிப்ரவரி 25-ஆம் தேதி முதல்தான் ஒவ்வொன்றாகச் சபைக்கு வரத் தொடங்கின. முந்தைய ஆட்சியைத் திட்ட புதிய ஆட்சிக்கு அவை கைகொடுத்தன. தணிக்கையின் நோக்கம் அதுவல்ல. உட்கார்ந்திருக்கும் அரசை, அதே சபையில், கேள்வி கேட்க உதவுவதற்குத்தான் அது எழுதப்படுகிறது.

சபையில் வைத்தவுடன் அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. நாடாளுமன்றத்தில் அந்தக் குழு 1921-இலிருந்து இருக்கிறது. இப்போது மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7, மொத்தம் 22 பேர். அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. 1967 முதல் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். பொதுத்துறை நிறுவனங்களுக்கு இதே மாதிரி வேறொரு குழு. மாநிலச் சட்டமன்றங்களிலும் இவை உண்டு. கூட்டம் மூடிய அறையில் நடக்கும். எதிரே சாட்சியாக உட்காருவது அமைச்சர் இல்லை, துறைச் செயலாளர். தணிக்கைத் தரப்பு தலைவர் பக்கம் அமர்ந்து, எந்தப் பாராவில் எதைக் கேட்கலாம் என்று குறிப்பு தயாரித்துக் கொடுக்கும்.

நான் பார்த்த வரையில், கூர்மையான கேள்வி கட்சியைப் பொறுத்து வருவதில்லை, படித்துவிட்டு வந்தவரிடமிருந்து வரும். முதல் முறை ஜெயித்து வந்த ஒரு உறுப்பினர், அறிக்கையின் இணைப்புப் பட்டியலில் தன் தொகுதியின் பெயரைத் தேடிப் பிடித்து, “இந்தப் பாலம் என் ஊர்ல இருக்கு. முடிஞ்சதா எழுதியிருக்கீங்க. நேத்து நான் படகுலதான் வந்தேன்” என்றார். அந்த அறையில் அரை நிமிடம் யாரும் பேசவில்லை. எங்கள் ஆவணங்களில் இல்லாத ஒரு ஆதாரம் அது. தணிக்கைக்காரனுக்குக் காகிதம் தெரியும், எம்.எல்.ஏ.வுக்கு ஊர் தெரியும். இரண்டும் ஒரே மேஜையில் சந்தித்தால்தான் செயலாளருக்கு வியர்க்கும்.

ஆனால் குழு எல்லாப் பாராவையும் எடுக்க முடியாது. சிலவற்றை மட்டும் விரிவாக விசாரிக்கும். மற்றவற்றுக்கு அமைச்சகம் நான்கு மாதத்துக்குள் ‘எடுத்த நடவடிக்கைக் குறிப்பு’ தர வேண்டும், அதையும் தணிக்கை சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும். மாநிலங்களில் இந்தக் கெடு எல்லாம் பெயருக்குத்தான். வருடக்கணக்கில் பழைய அறிக்கைகளை விசாரித்துக்கொண்டிருக்கும் குழுக்கள் உண்டு. சம்பந்தப்பட்ட அதிகாரி அதற்குள் மாற்றலாகி, பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்றிருப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் செயலாளர் “நான் அப்போது இந்தத் துறையில் இல்லை” என்பார். அது உண்மையாகவும் இருக்கும். உங்கள் கடைசிக் கேள்விக்கு மீதிப் பாதி விடை இது.

ஒன்றுமே நடப்பதில்லை என்றும் சொல்லக் கூடாது. ஒப்பந்ததாரருக்குக் கூடுதலாகப் போன பணம், குறைவாக வசூலித்த வரி போன்றவை நாங்கள் கேள்வி எழுப்பிய வாரத்திலேயே திரும்பி வருவதுண்டு. அது செய்தியில் வராது, ஆய்வறிக்கையில் “தணிக்கை சுட்டிக்காட்டிய பின் வசூலிக்கப்பட்டது” என்று ஒரு வரியோடு முடிந்துவிடும்.

தணிக்கை எட்டாத இடங்களும் உண்டு. ரிசர்வ் வங்கி, எல்ஐசி எங்கள் வரம்பில் இல்லை. பிஎம் கேர்ஸ் நிதியைத் தணிக்கை செய்வது தனியார் ஆடிட்டர். அரசின் கொள்கை சரியா தவறா என்று கேட்பதும் எங்கள் வேலை அல்ல. இலவச பஸ் வேண்டுமா என்று கேட்க மாட்டோம், பஸ் ஓடியதா என்று கேட்போம். எல்லைக்கோடு சொல்லும்போது தெளிவாக இருக்கும், எழுதும்போது வழுக்கும். 2ஜியில் ஏலம் விடாதது கொள்கை முடிவு என்று அரசு தரப்பு வாதாடியது இந்த வழுக்கலில்தான்.

அறிக்கைகள் சபையில் வைக்கப்பட்டதும் சிஏஜி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்கும்போது தொகையைத் தேடாதீர்கள். ஒவ்வொரு பாராவின் முடிவிலும் துறை என்ன பதில் சொன்னது என்று இருக்கும், அதற்குக் கீழே “பதில் ஏற்புடையதல்ல, ஏனெனில்” என்று தொடங்கும் வரி இருக்கும். சண்டை நடப்பது அந்த இரண்டு வரிகளில். 2023-இல் டெல்லி அருகேயுள்ள துவாரகா விரைவுச்சாலைக்குக் கிலோமீட்டருக்கு 18.20 கோடி என்று அமைச்சரவைக் குழு அனுமதித்தது 250.77 கோடி ஆனது என்று அறிக்கை சொன்னது. நாடு முழுவதற்குமான சராசரியை உயர்மட்ட எட்டு வழிச் சாலையோடு ஒப்பிட்டது தவறு என்று அமைச்சகம் சொன்னது. இரண்டையும் படித்தவர்தான் இதில் பேசத் தகுதி உள்ளவர். நம் டிவி விவாதங்களில் அப்படி ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த அட்டைப் பெட்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். பாரா சபைக்குப் போனது, குழு எழுத்தில் விளக்கம் கேட்டது. அதற்குள் நான் களத்திலிருந்து ஏஜி ஆபீஸின் அறிக்கைப் பிரிவுக்கு மாறியிருந்தேன். துறையின் நடவடிக்கைக் குறிப்பு சரிபார்க்க என் மேஜைக்கே வந்தது: “டெக்னீஷியன்கள் நியமிக்கப்பட்டு, கருவிகள் அனைத்தும் தற்போது பயன்பாட்டில் உள்ளன.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் பென்சிலால், “கருவி வாரியாகப் பரிசோதனைப் பதிவேட்டின் நகல் இணைக்கவும்” என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.